எட்டாம் அடுக்கில் இருந்தவள்

மூதாதையரின் நினைவுகளை மீட்டுத் தரும் மெஷின் கோயம்புத்தூருக்கு வந்து மூன்று வருடமாகியும் ஜெயப்பிரகாஷால் அதில் படுக்க முடியவில்லை. காரணம் அவருடைய இதயம். அதற்குள் ஒரு பேஸ்மேக்கர் இருந்தது. மெஷினின் காந்தம் அதைப் பழுதாக்கிவிடும் என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். பாளையக்காரர் பரம்பரை என்று ஊர் ஊராக மேடையேறிப் பேசியவர் ஜெயப்பிரகாஷ். பெயருக்கு முன்னால் 'வீரராய' என்று தானே சேர்த்துக்கொண்டவர். அப்பேர்ப்பட்டவருடைய நெஞ்சுக்குள் பேட்டரி ஓடுகிறது என்ற செய்தி வெளியே போகக்கூடாது என்று வீட்டில் உத்தரவு.

"ரத்த சம்பந்தம் உள்ளவங்க யார் படுத்தாலும் போதும்" என்றார்கள் அந்த மெஷின் இருந்த நிலையத்தில்.

அப்படி இருந்தது இரண்டே பேர். ஒருத்தி மகள் மிருதுளா. அவள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட அதே வாரத்தில், கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த வம்சாவளிப் படத்தில் அவளுடைய கட்டத்தை ஜெயப்பிரகாஷ் வெள்ளை பெயிண்ட் பூசி மறைத்துவிட்டார். இன்னொருத்தி தங்கை சுகந்தி. வயது அறுபத்தொன்று. பூகோள டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் ஆகவில்லை. வந்த வரன்களையெல்லாம் 'நம்ம வம்சத்துக்கு ஆகாது' என்று அண்ணன் திருப்பி அனுப்பினார். அண்ணி இறந்த பிறகு அந்த வீட்டுச் சமையலறை சுகந்தியின் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் நாற்பது பேர் எழுந்து வணக்கம் சொன்ன டீச்சரை வீட்டில் அண்ணன் 'ஏய், காப்பி' என்றுதான் கூப்பிடுவார். அவளும் கொண்டுபோய் வைப்பாள். அண்ணன் மேல் பயம் இருந்ததெல்லாம் பழைய கதை. இப்போது இருந்தது இளக்காரம் மட்டும்தான். அதை வெளியே காட்டிக்கொள்ளும் அளவுக்குக்கூட அவர் பெறுமானமுள்ளவராக அவளுக்குத் தோன்றவில்லை.

"சுகந்தி, நாளைக்கு நீ போய்ப் படுத்துட்டு வந்துரு" என்றார் அண்ணன், இட்லியைப் பிட்டுக்கொண்டே.

"எங்கீங்ண்ணா?"

"மெஷின்லதான். பாளையத்துக் காலம் வரைக்கும் போகோணும். வாளு, குதிரை, போரு எல்லாம் பாத்து ஒண்ணு விடாமச் சொல்லோணும். புஸ்தகம் போடறோம்."

"சமையலு?"

"ஒரு நாளைக்கு ஓட்டல்ல பாத்துக்கலாம்" என்றார் அவர், பெரிய தியாகம் செய்பவர் போல.

நிலையத்தில் அவளைக் கவனித்துக்கொண்ட பெண்ணின் பெயர் ஃபர்ஹானா. முப்பது வயதிருக்கும். தலையில் பட்டைகளை மாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள்.

"பெத்தவங்களோட நினைவு கொஞ்சம் பிள்ளைக்கும் இறங்குது ஆன்ட்டி. ஆனா எல்லாம் இறங்காது. ஒரே ஒரு நாள் நடந்தது பதியாது. வருஷக்கணக்கா தினம் தினம் நடந்துச்சு பாருங்க, அதுதான் பதியும்."

"அப்ப போரு?"

"தினமும் போர் நடந்திருந்தா வரும்."

சுகந்தி சிரித்துவிட்டாள். "எங்கண்ணன் காதுல இதைப் போட்டீங்களா?"

"சொன்னேன். அவங்க குடும்பத்துல தினமும் நடந்துச்சுன்னார்." ஃபர்ஹானா முகத்தைக் கஷ்டப்பட்டு நேராக வைத்துக்கொண்டாள். "இன்னொண்ணு. பிள்ளை கருவாகிற வரைக்கும் உள்ள நினைவுதான் அந்தப் பிள்ளைக்கு வரும். அதனால ஒவ்வொருத்தரும் இளவயசோட நின்னுடுவாங்க. அவங்க முகமும் தெரியாது. நம்ம முகம் நமக்கே தெரியாதில்ல? அவங்க கை தெரியும், எதிர்ல யாரைப் பார்த்தாங்களோ அவங்க தெரிவாங்க."

"நான் பாக்கறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எத்தனாவது அடுக்கு, எவ்வளவு அழுத்தம்னு மட்டும் திரையில வரும். எழுந்ததும் நீங்க வாயால சொல்லணும். அதைத்தான் நான் எழுதுவேன். அப்புறம், நாலஞ்சு நாளைக்கு அந்தப் பழக்கம் உங்க உடம்புல ஒட்டியிருக்கும். பயந்துடாதீங்க."

முதல் நாள் அப்பா வந்தார். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு டிபன் டப்பாவின் மூடியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். இருபத்தைந்து வயசு அப்பா, தினமும், அதே தாளம். சுகந்திக்கு அது போதுமாக இருந்தது. தாத்தா கிணற்றடியில் முகம் கழுவினார். அவருக்கு மேலே ஒருவர் மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொடுத்தபடியே இருந்தார். மாடு கண்ணை மூடித் தலையைத் தோளில் சாய்க்கும். இதையெல்லாம் ஆசையாக வந்து சொன்னபோது ஜெயப்பிரகாஷ் கையை உதறினார். "மாட்டைச் சொறியறதுக்கா மெஷினு? இன்னும் மேல போ."

அடுத்த வாரம் மேலே போனாள். ஏழாம் அடுக்கு திறந்தது.

அண்ணன் சொன்னது பொய்யில்லை. நிஜமாகவே பெரிய வீடு. கல்தூண்களும் உயரமான வாசலும் இருந்தன. அந்த வீட்டு வாரிசு ஒரு சின்னப் பையனாக, பிறகு வாலிபனாக நின்றுகொண்டிருந்தான். இரண்டு கைகளையும் விரித்தபடி நிற்பான். யாரோ வந்து உடுத்திவிடுவார்கள். உட்காருவான். வாயைத் திறப்பான். ஒரு பெண்ணின் கை சோற்றைக் கொண்டுவந்து ஊட்டும். அந்த வலது கையின் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. மணிக்கட்டைச் சுற்றிப் பாதி வளையல் மாதிரி ஒரு தீக்காயத் தழும்பு. வளர்ந்து மீசை முளைத்த பிறகும் அதே கைதான் ஊட்டியது. பட்டுப் புடவை கட்டிய ஒரு அம்மாள் எதிரே உட்கார்ந்திருப்பாள். அவளை அவன் 'ஆத்தா' என்பான். ஊட்டுபவளுக்கு 'ஏய்'. அவளுக்கு முகமே இல்லை. இத்தனை வருடத்தில் அவன் ஒரு தடவைகூட நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்ததில்லை.

வாளும் இல்லை, குதிரையும் இல்லை. மெல்லுவதும் சாய்வதும் 'ஏய்' என்று கூப்பிடுவதும்தான் மொத்த வீரமும்.

மறுநாள் காலையில் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. சுகந்தி சாப்பாட்டு மேஜையில் போய் உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டு இருந்தாள். ரவிக்கைக் கொக்கியைப் போடக் கை வரவில்லை. யாராவது வந்து போடுவார்கள் என்று உடம்பு காத்திருந்தது. எதிரே அண்ணன் உட்கார்ந்திருந்தார். தட்டு காலியாக இருந்தது. இட்லி ஆறடி தூரத்தில் பாத்திரத்தில் இருந்தது. அவரும் காத்துக்கொண்டிருந்தார். கால்மணி நேரம் இரண்டு பேரும் அப்படியே எதிரெதிரே இருந்தார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, இந்த மனிதருக்கு அந்த நினைவு மெஷின் இல்லாமலே முழுசாக இறங்கியிருக்கிறது என்று. அவளுக்கு ஐந்து நாளில் தெளிந்துவிடும். அவருக்குத் தெளியாது.

"வாளு வந்துச்சா?" என்றார் அவர்.

"இன்னும் மேல போகோணுமுங்ண்ணா."

மூன்றாவது தடவை எட்டாம் அடுக்கு.

வெயில். சோளக்காடு. காட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் "பாவாயீ" என்று நீட்டிக் கூப்பிடுகிறது. சுகந்தி, சுகந்தியாக இல்லாமல், திரும்பி ஓடுகிறாள். தினமும் அந்தக் குரல், தினமும் அந்த ஓட்டம். பிறகு இடம் மாறியது. ஒரு பெரிய வீட்டின் பின்கட்டு, உரல், உலக்கை. தானியம் குத்திக் குத்தித் தோள் மரத்துப்போகும். நெற்றி வியர்வையை மணிக்கட்டால் துடைக்கும்போது அந்தக் கை கண்ணுக்கு நேரே வந்தது. வளைந்த சுண்டுவிரல். பாதி வளையல் போல ஒரு தழும்பு.

ஏழாம் அடுக்கில் சோறு ஊட்டிய கை. இப்போது அந்தக் கைக்குள்ளேயே அவள் இருந்தாள்.

அந்த அடுக்கின் கடைசிப் பகுதி ஒரு இருட்டு அறை. அறைக்குள் யார் வந்தார்கள் என்று தெரியவில்லை, பாவாயி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மேலே கூரையின் ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை அறுபதைத் தாண்டாது. மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். எத்தனை நாள் எண்ணினாளோ, அவ்வளவு அழுத்தமாகப் பதிந்திருந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. பிள்ளை தரித்துவிட்டது. அடுக்கு அங்கே முடிந்தது.

கண்ணைத் திறந்தபோது சுகந்தியின் காதுவரைக்கும் கண்ணீர் வழிந்திருந்தது. ஃபர்ஹானா தண்ணீர் டம்ளரோடு ஓடிவந்தாள். அவளைத் தள்ளிக்கொண்டு ஜெயப்பிரகாஷின் முகம் முன்னால் வந்தது. இன்றைக்கு எட்டாம் அடுக்கு என்று கேள்விப்பட்டு, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு அவரே நேரில் வந்திருந்தார்.

"வாளைப் பாத்தியா?"

சுகந்தி அந்த முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். கூடப் பிறந்தவள் அழுதுகொண்டு எழுந்திருக்கிறாள். என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை இல்லை. நாக்கு நுனிவரை வந்திருந்த பாவாயியை அவள் மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"பாத்தேனுங்ண்ணா" என்றாள்.

"அப்படிச் சொல்லு! எத்தா பெருசு?"

"ஆளு ஒசரம் இருந்துச்சுங்ண்ணா. அதை நம்ம வம்சத்து ராயரு ஒத்தைக் கையில சுழட்டறாரு."

அவள் மடியில் இரண்டு கைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து மேலும் கீழுமாகக் குத்திக்கொண்டிருந்தன. நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. ஜெயப்பிரகாஷ் கவனித்துவிட்டார்.

"கை ஏன் இப்படிப் போகுது?"

"வாளைக் குத்தறதுங்ண்ணா. எதிரி நெஞ்சுல."

அவருடைய கண் கலங்கியது. ஃபர்ஹானா தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு அந்தக் கைகளையே பார்த்தாள்.

சுகந்திக்கு ஒரு ஆசை வந்தது. இந்த ஆள் எதுவரைக்கும் நம்புவார் என்று பார்த்துவிட வேண்டும். ஒரு புலியைச் சொன்னாள். ராயர் அதன் வாயை இரண்டு கையாலும் பிளந்தார். அண்ணன் நம்பினார். எதிரிப் படையில் ஆயிரம் பேர், நம் பக்கம் ஒன்பது பேர் என்றாள். "ஒம்பதா?" என்று கேட்டுவிட்டு, "இருக்கும், இருக்கும்" என்றார். கடைசியில் ராயர் வெள்ளை யானை மேல் ஏறிக் கோட்டைக்குத் திரும்பினார் என்றாள். வகுப்பில் எட்டாங்கிளாஸ் பிள்ளைகளிடம் இதைச் சொல்லியிருந்தால் பெஞ்சைத் தட்டிச் சிரித்திருப்பார்கள்.

ஜெயப்பிரகாஷ் கொஞ்சம் யோசித்தார்.

"தந்தம் எத்தனை அடி நீளம் இருக்கும்?" என்றார்.

மறுநாள் அறிக்கையில் கையெழுத்துப் போட சுகந்தி தனியாகப் போனாள். ஃபர்ஹானா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, எங்கம்மா உலக்கை பிடிச்சு நான் பார்த்திருக்கேன். நேத்து நீங்க பிடிச்சது வாள் இல்லை."

சுகந்தி மறைக்கவில்லை. காட்டில் கூப்பிட்ட குரலிலிருந்து கூரை ஓடுவரைக்கும் சொன்னாள். ஏழாம் அடுக்கில் ஊட்டிய கையும் எட்டாம் அடுக்கின் கையும் ஒன்றே என்பதைச் சொன்னபோது ஃபர்ஹானா தன் கையை எடுத்து அவள் கைமேல் வைத்தாள். பிறகு, "அறிக்கையைத் திருத்திடட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாங் கண்ணு."

"ஏன்? உங்கண்ணனுக்குப் பயமா?"

"அவனுக்கா?" என்று சுகந்தி சிரித்தாள். முதல் தடவையாக அண்ணனை 'அவன்' என்றிருந்தாள். அது நாக்குக்கு நன்றாக இருந்தது. "சொன்னா என்ன பண்ணுவான் தெரியுமா? மெஷின் கெட்டுப்போச்சும்பான். உன் வேலைக்கு உலை வைப்பான். வேற எவளோ நடுவுல பூந்துட்டாளும்பான். அந்தப் பாவாயிப் புள்ளய இவன் வாயில போட்டு மெல்லறதுக்கு நான் விடமாட்டேன்."

"எல்லாம் சரி ஆன்ட்டி" என்றாள் ஃபர்ஹானா தயங்கி. "ஆனா இத்தனை வருஷமா அவங்களை யாரும் அம்மான்னு சொல்லலை. இப்ப நீங்களும் மறைச்சுட்டீங்களே."

சுகந்தி பேனாவை எடுத்தாள். கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். அன்றிலிருந்து அந்தக் கேள்வி அவளோடேயே திரிந்தது. காய் நறுக்கும்போது வரும், துணி காயப்போடும்போது வரும். அண்ணனை ஏமாற்றியதில் இருந்த சந்தோஷம் இரண்டே நாளில் புளித்துப்போனது. மறைத்தவர்கள் வரிசையில் எட்டாவது ஆளாகத் தானும் போய் நின்றுவிட்டோமோ என்றிருந்தது. தனக்குப் பிள்ளை இல்லை. இந்த நினைவு தன்னிடமிருந்து யாருக்கும் இறங்கப்போவதில்லை. வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்யாண மண்டபத்தில் புத்தக வெளியீடு. அட்டையில் வெள்ளை யானை. கூடியவர்கள் எல்லோரும் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பாதிப்பேருக்கு அது நழுவிக் கண்ணை மறைத்தது. ஒரு முன்னாள் துணைவேந்தர் எழுந்து, ஒன்பது பேர் ஆயிரம் பேரை வென்ற போர் தமிழக வரலாற்றையே மாற்றி எழுத வைக்கும் என்று பேசினார். கைதட்டல் ஓய வெகுநேரமானது.

பிறகு ஜெயப்பிரகாஷ் மைக்கைப் பிடித்தார். "அந்தப் புலியோட மூச்சு என் முகத்துல பட்டுச்சுங்க" என்றார். "இந்தக் கண்ணால பாத்தேன். மெஷின்ல படுத்து எந்திரிச்சப்ப என் கை தன்னால வாள் வீசிட்டு இருந்துச்சு."

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சுகந்தி புத்தகத்தைப் பிரித்தாள். இரண்டாம் பக்கத்தில் 'நினைவு மீட்டவர்: வீரராய ஜெயப்பிரகாஷ்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தன் பெயரைத் தேடினாள். கடைசிப் பக்கத்தில், பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் நடுவில் இருந்தது: 'விருந்து உபசரிப்பு: செல்வி சுகந்தி'.

கோபம் வரும் என்று காத்துப் பார்த்தாள். வரவில்லை. ஒரு புழுவைக் கடந்து போகும்போது காலைக் கொஞ்சம் தள்ளி வைப்போமே, அவ்வளவுதான் தோன்றியது. பந்தி ஆரம்பிக்கும் நேரம். உள்ளேயிருந்து அண்ணன் தேடுவது கேட்டது. அவள் புத்தகத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டு வெளியே வந்து, தாராபுரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

மிருதுளா தாராபுரத்தில் கால்நடை டாக்டர். கதவைத் திறந்தவள் அத்தையைப் பார்த்ததும் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். பதினோரு வருடம். போனில் மட்டும், அதுவும் அப்பா இல்லாத நேரத்தில் மட்டும்தான் பேச்சு.

"அத்தை, அப்பாவுக்கு ஏதாச்சும்..."

"அவனுக்கு என்ன, பட்டு வேட்டி கட்டிட்டு நல்லாத்தான் இருக்கறான். எனக்குப் பசிக்குது. மொதல்ல எனக்குச் சோறு போடு."

சாப்பிட்ட பிறகு இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். சுகந்தி ஆரம்பித்தாள். டிபன் டப்பாவில் தாளம் போட்ட அவள் தாத்தாவைச் சொன்னாள், மிருதுளா சிரித்தாள். மாட்டைச் சொறிந்தவரைச் சொன்னாள்; அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். கைவிரித்து நின்ற வாரிசைச் சொன்னாள். பிறகு பாவாயி. சோளக்காட்டைத் தாண்டி அவள் அம்மா எப்படி நீட்டிக் கூப்பிடுவாள் என்று அதே மாதிரி கூப்பிட்டுக் காட்டினாள். ஓடு எண்ணியதைச் சொன்னபோது மிருதுளா எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

"எல்லாருக்கும் அவங்கதான் ஆத்தா" என்றாள் கடைசியில். "எனக்கு, உங்களுக்கு, அப்பாவுக்கு."

"ஆமா."

"அப்பாகிட்டயும் சொல்லியிருக்கலாமே அத்தை. மனுஷன்தானே. பெத்தவளை வேலைக்காரியா வெச்சிருந்தாங்கன்னு தெரியாமத்தானே இந்த ஆட்டம் ஆடறாரு. தெரிஞ்சா ஒருவேளை மாறியிருப்பாரு."

ஃபர்ஹானாவிடம்கூடச் சொல்லாத ஒன்று சுகந்தியிடம் பாக்கி இருந்தது.

"ஏழாம் அடுக்குல ஒரு முணுமுணுப்பு வரும் கண்ணு. அந்தப் பையனுக்குச் சோறு ஊட்டறாளில்ல, அப்ப குனிஞ்சு காதுக்கிட்ட என்னமோ சொல்லுவா. தினமும் சொல்லுவா. மொதல்ல எனக்கு 'சாமி'ங்கிறது மட்டும்தான் விளங்குச்சு. ஏதோ வேண்டிக்கிறான்னு நெனச்சுட்டேன். எட்டாம் அடுக்குக்குப் போயி அவ பேச்சு எனக்குப் பழகினதுக்கு அப்புறம்தான் முழுசாப் புரிஞ்சுது."

"என்ன சொன்னாங்க?"

"'உங்களைப் பெத்தவ நாந்தானுங்க, சாமி.'"

மிருதுளா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பட்டுப்புடவைக்காரி காதுல விழாத மாதிரி சொல்லுவா. பல்லு முளைச்ச காலத்திலிருந்து மீசை முளைச்ச காலம் வரைக்கும் சொன்னா. அவன் காதுல விழாம இல்ல. விழுந்துட்டேதான் இருந்துச்சு, அதனாலதான் ஏழு தலைமுறை தாண்டி எனக்குக் கேக்குது. கேட்டுட்டு, வாயில இருக்கறதை மென்னு முழுங்கிட்டு, அடுத்த உருண்டைக்கு 'ஏய்'னு கூப்பிடுவான்."

வெளியே யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து டாக்டரம்மா இருக்கிறார்களா என்று கேட்டார்கள். மிருதுளா எழுந்திருக்கவில்லை.

"பெத்தவ வாயால தினமும் கேட்டவனே மாறல" என்றாள் சுகந்தி. "உங்கப்பனுக்கு நான் ஒரு தடவை சொல்லி என்ன ஆகப்போகுது? போ, மாட்டைப் பாரு. வந்து உக்காரு, இன்னும் நெறைய இருக்குது."